ஐஐடி பெயர் இல்லாமல் அமெரிக்காவில் பிஎச்டி சேர முடியுமா?

கேள்வி: நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சிஜிபிஏ 8.4. அப்பா டீக்கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அமெரிக்காவில் உதவித்தொகையோடு பிஎச்டி செய்யலாம் என்று ஒரு சீனியர் அக்கா சொன்னார். விசாரிக்கப் போன கன்சல்டன்சியில் ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். ஜிஆர்இ நுழைவுத் தேர்வு, டோஃபல் ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பக் கட்டணம் எல்லாம் தனியாம். "அதெல்லாம் ஐஐடி பசங்களுக்குத்தான் கிடைக்கும், நமக்கு எதுக்கும்மா" என்கிறார் எங்கள் ஹெச்ஓடி. இது உண்மையிலேயே எங்களைப் போன்றவர்களுக்கும் திறந்திருக்கும் வழியா, இல்லை விவரம் தெரிந்தவர்களுக்கு மட்டும்தானா மேடம்?

— ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வழி திறந்துதான் இருக்கிறது. ஐஐடி பட்டம் வேண்டும் என்று எந்தத் துறையும் விதி வைக்கவில்லை. மூன்றாண்டு பி.எஸ்சி., அதன்மேல் இரண்டாண்டு எம்.எஸ்சி. என்ற உங்கள் படிப்பைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் அந்த வழியில் எப்படிப் போவது என்பதில் பாதி எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு அது பேச்சோடு பேச்சாகத் தெரிந்துவிடுகிறது. பெரிய நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு ஹாஸ்டல் சீனியர்கள் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். உங்களுக்குச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். ஒரு விவரம் தெரியவில்லை என்பதைத் தகுதியில்லை என்று நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் 22 வயதில் அப்படித்தான் எடுத்துக்கொண்டு முழுசாக ஓர் ஆண்டைத் தொலைத்தேன்.

நான் இப்போது அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பிக்கிறேன். துறையின் மாணவர் சேர்க்கைக் குழுவில் ஆறு ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்ததால் சொல்கிறேன்.

முதலில் பணம். அறிவியல் பிஎச்டி என்றால் கல்விக் கட்டணத்தைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டு, மாதச் சம்பளம் போல உதவித்தொகையும் தரும். அதற்கு ஈடாக வாரத்துக்கு 20 மணி நேரம் வரை இளநிலை மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பு எடுப்பீர்கள், அல்லது பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் வேலை செய்வீர்கள். எம்.எஸ். என்ற முதுநிலைப் படிப்பு அப்படியல்ல. அதற்குப் பெரும்பாலும் கைக்காசுதான். கன்சல்டன்சிகள் பலரையும் எம்.எஸ். பக்கமே தள்ளுவதற்குக் காரணம் உண்டு: அங்கே சேரும் மாணவருக்காகச் சில பல்கலைக்கழகங்கள் அவர்களுக்குக் கமிஷன் தருகின்றன. பிஎச்டி சேர்க்கையில் அந்த வரும்படி இல்லை. நீங்களே செய்ய முடியாத எதையும் அவர்கள் செய்யப்போவதும் இல்லை. ஒன்றரை லட்சத்தைக் கொடுக்காதீர்கள். சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இயங்கும் யுஎஸ்ஐஇஎஃப் (அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை) அலுவலகத்தில் எஜுகேஷன்யுஎஸ்ஏ ஆலோசனை மையம் இருக்கிறது. பொதுவான சந்தேகங்களை அங்கே காசில்லாமல் கேட்டுக்கொள்ளலாம்.

ஜிஆர்இக்குக் கட்டணம் பெரிய தொகை. அதைக் கட்டுவதற்கு முன்னால் நீங்கள் விரும்பும் ஒவ்வொரு துறையின் இணையப் பக்கத்தையும் பாருங்கள். வேதியியல் துறைகள் பலவும் ஜிஆர்இ கேட்பதை விட்டுவிட்டன. சில துறைகள் அனுப்பினாலும் பார்ப்பதில்லை. வேதியியலுக்கென்று தனியாக இருந்த ஜிஆர்இ பாடத் தேர்வு 2023 ஏப்ரலோடு நின்றேபோய்விட்டது. அதற்குப் பழைய புத்தகம் வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். ஜிஆர்இ கேட்காத துறைகளை மட்டுமே வைத்து உங்கள் பட்டியலைப் போட்டாலும் குறையொன்றும் இல்லை.

டோஃபல் போன்ற ஓர் ஆங்கிலத் தேர்வு மட்டும் தப்பாது. சில இடங்களில் ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்றிதழ் தந்தால் விட்டுவிடுவார்கள், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். இதில் யாரும் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. சேர்க்கைக்கு மொத்த மதிப்பெண் தேறினால் போதும். ஆனால் ஆய்வக வகுப்பு எடுக்க வேண்டுமென்றால் பேசும் பகுதிக்குத் தனியாக ஓர் அளவு கேட்பார்கள். உங்கள் உதவித்தொகையே அந்த வகுப்பை நம்பி இருக்கும்போது, எழுதும் பகுதியின் மதிப்பெண்ணைவிடப் பேசும் பகுதியின் மதிப்பெண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம். தினமும் அரை மணி நேரம், ஏதாவது ஒரு வினையின் வழிமுறையைக் கரும்பலகை முன் நின்று ஒரு தோழிக்கு ஆங்கிலத்தில் விளக்குங்கள். நான் அப்படித்தான் பேசக் கற்றேன்.

அப்புறம் விண்ணப்பக் கட்டணம். ஓர் இடத்துக்கு 75 டாலர் என்று வைத்தால் எட்டு இடங்களுக்கு 50,000 ரூபாய் தாண்டும். டீக்கடை வருமானத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும். இங்கேதான் கேட்பவருக்குக் கிடைக்கிறது, கேட்காதவருக்குக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு துறையிலும் கிராஜுவேட் கோஆர்டினேட்டர் என்று ஓர் அலுவலர் இருப்பார். பேராசிரியர் அல்ல, ஆனால் சேர்க்கையின் நடைமுறை முழுக்க அவர் கையில்தான். அவருடைய மின்னஞ்சல் துறைப் பக்கத்திலேயே இருக்கும். அக்டோபரில் அவருக்கு ஆறு வரி எழுதுங்கள்: நான் இன்னார், இந்தப் படிப்பு, இந்தத் துறைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், குடும்ப வருமானம் இவ்வளவு, வெளிநாட்டு மாணவருக்குக் கட்டண விலக்கு உண்டா. சில பல்கலைக்கழகங்களில் விலக்கு அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான். "இல்லை" என்று பதில் வரும். சில துறைகள் தங்கள் பணத்திலிருந்தே கட்டிவிடும். இணையவழி அறிமுகக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு விலக்கு தரும் துறைகளும் உண்டு. கேட்டதற்காக ஒரு விண்ணப்பத்தைக் குறைவாக மதித்ததை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. விலக்கு கிடைத்த இடங்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், மீதிக்கு இரண்டு மூன்று இடத்துக்கு மட்டும் காசு கட்டுங்கள். ரூபே கார்டை நம்பியிருக்காமல், வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்துவிடப்பட்ட விசா அல்லது மாஸ்டர்கார்டு யாரிடம் இருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள். கடைசி நாள் இரவு கார்டு வேலை செய்யாமல் அழுதவர்கள் பலர்.

மதிப்பெண் பட்டியலை அமெரிக்க அளவுக்கு மாற்றித் தரும் நிறுவனங்களுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் ஸ்கேன் செய்த பட்டியலே போதும். 8.4ஐ நீங்களாக 4க்கு மாற்றி எழுதவும் வேண்டாம். பத்துக்கு 8.4 என்றே போடுங்கள்.

சரி, கோப்பு எங்கள் கைக்கு வந்தபின் என்ன நடக்கிறது? ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று பேர் படிப்போம். நான் ஒரு கோப்புக்குச் செலவிடும் நேரம் முதல் சுற்றில் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் கண் முதலில் போவது கல்லூரிப் பெயருக்கு. ஐஐடி, ஐஐஎஸ்சி, ஐசர் என்றால் குழுவில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் கல்லூரியை என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. உங்கள் ஹெச்ஓடி சொல்வதில் இருக்கும் உண்மை இவ்வளவுதான். தெரிந்த பெயருக்கு ஒரு நம்பிக்கை முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது, தெரியாத பெயர் அதைக் கோப்பின் மற்ற பக்கங்களிலிருந்து சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. இது நியாயமில்லை. ஆனால் சம்பாதிக்க முடியும். அந்த மற்ற பக்கங்கள் இரண்டு: பரிந்துரைக் கடிதங்கள், எஸ்ஓபி என்று சொல்லப்படும் நோக்கக் கட்டுரை.

கடிதங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் நம் ஊர்ப் பிள்ளைகள் தோற்பது அங்கேதான், அதுவும் அவர்கள் தவறே இல்லாமல். தமிழ்நாட்டிலிருந்து வரும் கடிதங்களில் பாதி ஒரே வார்ப்பு. கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், பணிவானவர், கல்லூரி நிகழ்ச்சிகளில் ஆர்வமாகக் கலந்துகொண்டவர், வாழ்வில் எல்லா வெற்றியும் பெற வாழ்த்துகிறேன். எழுதியவர் மனதார எழுதியிருப்பார். நம்மூரில் நற்சான்று என்றால் அதுதான். ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, இந்த மாணவியைப் பற்றிச் சொல்ல ஆய்வில் ஒன்றுமே இல்லை போல என்று முடிவுகட்டிவிடுகிறார். ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் சொன்னால், திறமையைப் பற்றிச் சொல்லாமல் தவிர்த்ததாக இங்கே அர்த்தம். இந்த ஒரு விஷயத்துக்காக நான் குழுவில் எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன்.

இன்னொன்று, "நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடறேன்" என்பது. அன்பாகத்தான் சொல்வார்கள், வேலைப்பளு அப்படி. ஆனாலும் நீங்கள் எழுதாதீர்கள். அது முறையல்ல என்பது முதல் காரணம். மூன்று கடிதமும் ஒரே கையில் எழுதியது போல இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும் என்பது இரண்டாவது. பிடிபட்டால் கோப்பு அங்கேயே மூடப்படும். அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனித்தனியாக ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். கடிதம் அல்ல, குறிப்புகள். அவரிடம் படித்த பாடம், அவர் வகுப்பில் நீங்கள் கேட்ட ஒரு கேள்வி, ப்ராஜெக்டில் எது சொதப்பியது, அதை எப்படிச் சரி செய்தீர்கள், வகுப்பில் எத்தனை பேரில் எத்தனையாவது இடம். கூடவே மூன்று விஷயம் கேளுங்கள்: இத்தனை ஆண்டில் நீங்கள் பார்த்த மாணவர்களில் என்னை எங்கே வைப்பீர்கள், நானாக யோசித்துச் செய்த ஒரு காரியம் என்ன, நம் கல்லூரியில் என்னென்ன வசதி இல்லை. இந்த மூன்றுக்கும் பதில் இருக்கும் கடிதம் எளிய ஆங்கிலத்தில் பத்தே வரி இருந்தாலும் போதும். கல்லூரி முகவரியிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். கல்லூரி மின்னஞ்சல் இல்லாமல் ஜிமெயில்தான் என்றால், துறைத் தலைவர் லெட்டர்பேடில் இருக்கட்டும். கோஆர்டினேட்டருக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடுங்கள். வேறு கல்லூரியிலோ ஆய்வகத்திலோ ஒரு மாதம் வேலை செய்திருந்தால் அங்கிருந்து ஒரு கடிதம் கட்டாயம் வாங்குங்கள்.

இனி நோக்கக் கட்டுரை. "சிறு வயதிலிருந்தே வேதியியல் என்றால் எனக்கு ஆர்வம்" என்று தொடங்க வேண்டாம். அப்பாவின் டீக்கடையில் தொடங்கவும் வேண்டாம். அது உங்கள் பெருமை. ஆனால் குழுவுக்கு முதலில் தெரிய வேண்டியது நீங்கள் ஆய்வகத்தில் எப்படி யோசிப்பவர் என்பது. உங்கள் எம்.எஸ்சி. ப்ராஜெக்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவி உங்கள் கல்லூரியில் இருக்க வாய்ப்பில்லை. சாம்பிளை ஐஐடி மெட்ராஸில் இருக்கும் எஸ்ஏஐஎஃப் கருவி மையத்துக்கோ கொச்சிப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் எஸ்டிஐசி கருவி மையத்துக்கோ அனுப்பி, பணம் கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து, வந்த ஸ்பெக்ட்ரத்தில் உங்கள் சேர்மம் தெரியாமல், அதைக் கரைத்த கரைப்பானின் பீக் மட்டும் பளிச்சென்று தெரிந்து தலையில் கைவைத்திருப்பீர்கள். இதை நம் பிள்ளைகள் வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். எழுதுங்கள். ஒரே ஒரு சாம்பிள் அனுப்பத்தான் காசு இருந்தது, அதனால் அனுப்புவதற்கு முன் டிஎல்சி, உருகுநிலை, ஐஆர் என்ற எளிய சோதனைகள் மூன்றையும் வைத்து எப்படி முடிவெடுத்தேன் என்று நான்கு வரி எழுதினால் உட்கார்ந்து படிப்பேன். கருவி பக்கத்து அறையிலேயே இருக்கும் மாணவர் அந்த முடிவை எடுக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. கல்லூரியைப் பற்றி ஒரு வாக்கியம் சேருங்கள்: எந்தப் பல்கலைக்கழகத்தின்கீழ் இருக்கிறது, ஆய்வகத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை. புலம்பல் வேண்டாம், தகவலாக மட்டும். கடைசிப் பத்தியில் அந்தத் துறையில் யாருடைய ஆய்வு உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று மூன்று பேராசிரியர்களைக் குறிப்பிட்டு, ஏன் என்றும் சொல்லுங்கள். அதற்கு அவர்களின் ஒரு கட்டுரையையாவது படித்திருக்க வேண்டும்.

காசு வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் கட்டுரை வெளியிடும் ஜர்னல்கள் பக்கம் போகாதீர்கள். அந்தப் பெயர்கள் எங்களுக்குத் தெரியும். இல்லாமல் இருப்பதே நல்லது.

பேராசிரியர்களுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இது துறைக்குத் துறை மாறும், யாரும் தெளிவாகச் சொல்வதும் இல்லை. வேதியியலில் பெரும்பாலும் குழுதான் முடிவெடுக்கிறது. சேர்ந்து சில மாதம் கழித்துத்தான் வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பீர்கள். அதனால் இருநூறு பேருக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்புவதில் பயனில்லை. சூழலியல், புவி அறிவியல் போன்ற துறைகளில் நிலைமை வேறு. ஒரு பேராசிரியர் முன்கூட்டியே சரி என்று சொன்னால்தான் இடம். உங்கள் தோழிகள் யாராவது அந்தப் பாடங்களில் இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் நம்மைப் போன்ற இனிஷியல்காரர்களைப் பாடாய்ப் படுத்துவது: பெயர். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேமாகப் போய், முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்என்யு என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அது துரத்தும். அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டு பாஸ்போர்ட் எடுத்து, டோஃபலிலும் விண்ணப்பத்திலும் எழுத்து மாறாமல் அதையே போடுங்கள்.

இத்தனையும் ஒரு மாணவி தேடித் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியதா? இல்லை. எங்கள் துறையில் சில ஆண்டுகள் சண்டை போட்டு ஜிஆர்இயை எடுத்தோம். எதற்கு எவ்வளவு மதிப்பு என்று ஒரு மதிப்பீட்டுத் தாள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோப்பையும் அதன்படியே படிக்கிறோம். அதில் ஒரு வரி, கிடைத்த வசதியை வைத்து இவர் என்ன செய்திருக்கிறார் என்பது. அந்த வரி வந்தபின் குழுவில் பேச்சே மாறிவிட்டது. அந்தத் தாளை அப்படியே இணையத்தில் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் நடக்கவில்லை. கணினித் துறைகளில் மாணவர்களே இதைக் கையில் எடுத்திருக்கிறார்கள். எம்ஐடி, பெர்க்லி, வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பிஎச்டி மாணவர்கள் விண்ணப்பதாரர்களின் கட்டுரையை இலவசமாகப் படித்துக் கருத்துச் சொல்லும் திட்டங்களைத் தொடங்கினார்கள். எம்ஐடியின் கம்யூனிகேஷன் லேப் பக்கத்தில் உண்மையான நோக்கக் கட்டுரைகள் விளக்கக் குறிப்புகளோடு கிடைக்கின்றன. உங்கள் பாடம் வேறானாலும் படித்துப் பாருங்கள். வேதியியல் துறைகள் எல்லாமே இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. நம் கல்லூரிகளும் செய்யலாம். ஆண்டுக்கு ஒரு மதியம் ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து பரிந்துரைக் கடிதம் எழுதுவது எப்படி என்று பேசினாலே எத்தனையோ பிள்ளைகளுக்கு வழி பிறக்கும்.

இப்போதைய நிலைமையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025இல் அமெரிக்காவில் ஆய்வு நிதி வெட்டப்பட்டதால் பல துறைகள் இடங்களைக் குறைத்தன. நல்ல கோப்புகளையும் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அதனால் இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். இந்தியாவிலேயே பிஎச்டி சேர உதவும் கேட் தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். சிஎஸ்ஐஆர் நெட் எழுதுங்கள். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், நாட்டில் நல்ல ஆய்வகங்கள் பலவற்றில் சேரலாம். இந்த ஆண்டு எதுவும் அமையாவிட்டால், காரைக்குடி செக்ரி, அடையாறு சிஎல்ஆர்ஐ போன்ற மத்திய அரசு ஆய்வகம் ஒன்றில் ப்ராஜெக்ட் வேலைக்கு ஓராண்டு சேர்ந்துவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள். அங்கிருந்து வரும் ஒரு கடிதம் உங்கள் கோப்பின் கனத்தையே மாற்றிவிடும்.

இடம் கிடைத்துவிட்டால் அதன்பிறகும் செலவு உண்டு. விசா விண்ணப்பத்துக்கு 185 டாலர், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விமான டிக்கெட், முதல் மாத வாடகை. முதல் உதவித்தொகை கைக்கு வர செப்டம்பர் கடைசி ஆகிவிடும். ஜே.என். டாட்டா அறக்கட்டளையின் கடன் உதவித்தொகை, தமிழக அரசின் அயலக உயர்கல்வித் திட்டங்கள் ஆகியவற்றில் உங்களுக்குப் பொருந்துவது எது என்று ஜனவரியிலேயே பாருங்கள். உதவித்தொகையோடு இடம் தரும் துறை "ஒரு வாரத்தில் பதில் சொல்" என்று அவசரப்படுத்தினால் பயப்பட வேண்டாம். அமெரிக்க கிராஜுவேட் பள்ளிகளின் கவுன்சில் உடன்பாட்டில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்களில் ஏப்ரல் 15 வரை யோசிக்க உங்களுக்கு நேரம் உண்டு. அந்தப் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் 1க்கும் 15க்கும் இடையில் வரும். ஆசிரியர்களிடம் குறிப்புப் பக்கத்தைக் கொடுக்க அக்டோபர் சரியான மாதம். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள், சர்நேம் விஷயத்தை மறக்காமல். நோக்கக் கட்டுரையின் முதல் பிரதியை நவம்பர் முதல் வாரத்துக்குள் இதே முகவரிக்கு அனுப்புங்கள். ஆங்கிலம் சரியில்லை என்று தயங்க வேண்டாம், அந்த என்எம்ஆர் கதை அதில் இருந்தால் போதும். நான் படித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.